எல்.சி. வாங்கிட்டியா

கங்கம்மா ஜாத்திரை வரி நோட்டு
என் வீட்டைத் தாண்டிப் போகும்.
பெயருக்கு எதிரே ஒரு கோடு, பதினோரு வருடமாய்.
கோடு போடுகிற பையன்தான்
வைகாசிக்கு வைகாசி மாறுகிறான்.
பின்வாசலில் என் மனைவி
தன் அப்பா பெயரில் ஐந்நூறு கொடுத்துவிடுகிறாள்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.
அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருக்கும்.

பள்ளிப்பட்டிலிருந்து நகரி போகிற சாலையில்
பாபு நாயுடு பஞ்சர் கடை.
கடை தமிழ்நாட்டில்.
நாலு மணிக்குமேல் அதன் நிழல் ஆந்திராவில்.
இரண்டாம் ஞாயிறு அங்கே கூடுவோம்.
எல்லாரும் வந்தால் ஏழு பேர்,
ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுகிற கூட்டம்.
சங்கத்துக்குப் பெயர் வைக்கப் பார்த்தோம்,
தெலுங்கிலா தமிழிலா என்கிற சண்டையில்
டீ ஆறிப்போனது.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
எங்கள் பெயர்களைக் கேட்டால் சிரிப்பீர்கள்:
முனிரத்தினம், வெங்கடேசுலு, அலமேலு, சுப்பிரமணியம்...
ஒரு கோயிலுக்கு வேண்டிய சாமிகள்
பெஞ்சில் உட்கார்ந்து
பக்கோடா தின்றுகொண்டிருக்கும்.

நம்பிக்கை கெட்டவன் என்கிறார்கள் என்னை.
நான் லைன்மேன்.
கம்பத்தடியில் நின்று
சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு எல்.சி. கேட்பேன்.
“குடுத்தாச்சுண்ணே” என்பான் துளசிராம்.
எர்த் ராடு பாதி நாள் ஸ்டோரிலேயே கிடக்கும்.
ஏறுவேன்.
எட்டு கிலோமீட்டருக்கு அப்பால்
ஒருவன் வாயில் பிறந்த சொல்லை நம்பிக்
கம்பியில் கை வைப்பேன்,
நாளைக்கு மூன்று தரம், நான்கு தரம்.

மார்கழியில்
முனிரத்தினத்தின் சின்ன மகளுக்கு டெங்கு.
திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்.
எங்களில் மூன்று பேர் ரத்தம் கொடுத்தோம்.
பிழைத்துக்கொண்டாள்.
அடுத்த கூட்டத்துக்கு
அவன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தான்.
வெயில் இல்லை.
துண்டின் ஓரத்தில் சந்தனம் காய்ந்திருந்தது.
பாபு நாயுடு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.
நாங்களும் அதையே தேடினோம்.

“அவ அம்மா வேண்டிக்கிட்டா” என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
“நானுந்தான்.”

வெங்கடேசுலு தொண்டையைச் செருமினார்.
எங்களில் கறாரானவர்,
பெற்ற தாய்க்கே கருமாதி செய்யாதவர்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
அவர் பெஞ்சில் ஒரு ஆள் இடம் நகர்ந்தார்.
“ஜுட்டு வஸ்துந்தி லேப்பா.”
முடிதானே, வந்துவிடும்.
அலமேலு பொட்டலத்தை நீட்டினாள்.
அவன் எடுக்கவில்லை.
போகவும் இல்லை.

இந்த ஜாத்திரைக்கு,
அம்மன் வெளியே வருகிற நேரம் பார்த்து
டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனது.
ஊரெல்லாம் இருட்டு, பம்பை மட்டும் ஓயவில்லை.
“சாமி இல்லாதவனக் கூப்பிடுங்கடா!”
வேறு யாரைக் கூப்பிடுவது?
ஏணியோடு ஓடினேன்.
பின்னால் ஒரு டார்ச் வெளிச்சம் ஓடிவந்தது.
முனிரத்தினம்.
தலையில் இரண்டு விரற்கடை முடி.

“எல்.சி. வாங்கிட்டியா?”
“ஆச்சு.”
“மறுபடி கேளு.”
கேட்டேன்.

பியூஸ் கட்டி, இறங்கி,
எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்துக்
கைப்பிடியைத் தள்ளினேன்.
கோபுரத்து சீரியல் பல்பு பச்சையும் சிவப்புமாய்ப் பற்றியது.
“கங்கம்மா தல்லீ!” என்று
இரண்டு மாநிலமும் ஒரே குரலில் கத்தியது.
“ஒன்னத்தான்டா கூப்பிடறாங்க” என்றான் அவன்.

நான் இறங்கி எவ்வளவோ நேரமாயிற்று.
அவன் இன்னும்
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.